ஆடிக்கொண்டே இருக்கும் கியர் ராடு: புஷ் மாற்றினால் போதுமா, ஷிஃப்டரையே மாற்ற வேண்டுமா? (1966 மஸ்டாங், டாப்லோடர்)

நீலக்குதிரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங், 289 வி8, டாப்லோடர் என்ற நாலு கியர் பெட்டி. தரையில் இருக்கும் ஷிஃப்டர் (கியர் ராடைத் தாங்கி, அதன் அசைவைப் பெட்டிக்கு அனுப்பும் பகுதி) கம்பெனி கொடுத்ததுதான். யாரும் மாற்றியதாகத் தெரியவில்லை.

பிரச்சினை இதுதான். நியூட்ரலில் கியர் ராடு கைக்கு அடங்காமல் நாலா பக்கமும் ஆடுகிறது. மூன்றாவது கியரில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் தகரம் அதிர்வது போல ஒரு சத்தம். குமிழை லேசாகப் பிடித்தால் சத்தம் நின்றுவிடும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடுவில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. மறுபடி நியூட்ரலில் ஆட்டிவிட்டுத் தள்ளினால் விழுகிறது. கியரில் இருந்து தானாக வெளியே வந்தது இல்லை. விழுந்த பிறகு பெட்டிக்குள் எந்த உறுமலும் இல்லை.

புஷ்களை (மூட்டுத் துளைகளில் உட்காரும் சின்ன வளையங்கள்) மட்டும் மாற்றினால் போதுமா, ஷிஃப்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு புதிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கருத்து வேண்டும். அடியில் படுத்து வேலை செய்யப் பழக்கம் உண்டு, கருவிகளும் இருக்கின்றன.

நாலாவது_கியர் எழுதியது:

யோசிக்கவே வேண்டாம். ஹர்ஸ்ட் கம்பெனியின் காம்பெடிஷன் பிளஸ் ஷிஃப்டரை வாங்கிப் போடுங்கள். அறுபது ஆண்டு ஓடிய ஷிஃப்டரில் புஷ் மட்டும் மாற்றி என்ன பயன்? உள்ளே பிவட் (கியர் ராடு ஊசலாடும் அச்சு) தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். என் வண்டியில் ஹர்ஸ்ட் போட்ட பிறகு ஒவ்வொரு கியரும் பூட்டு விழுவது மாதிரி விழுகிறது. நீளமாகக் கை போக வேண்டியதும் இல்லை.

பழைய_இரும்பு எழுதியது:

நாலாவது கியர் சொல்வதில் தவறில்லை, ஹர்ஸ்ட் நல்ல பொருள். ஆனால் தம்பி, வாங்குவதற்கு முன் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஆட்டம் ராடு புஷ்ஷில் (கியர் ராடு அல்ல, ஷிஃப்டரில் இருந்து பெட்டிக்குப் போகும் இணைப்பு ராடுகளின் புஷ்ஷில்) இருந்தால், புது ஷிஃப்டரோடு புது ராடுகளும் புஷ்களும் வருவதால் சரியாகிவிடும்; எல்லாரும் ஷிஃப்டரைப் புகழ்வார்கள், உண்மையில் வேலை செய்தது அந்தச் சின்ன புஷ். ஆட்டம் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் லிவரில் இருந்தால், எந்த ஷிஃப்டர் போட்டாலும் அது அங்கேயே இருக்கும்.

நான் மேலிருந்து கீழே போவேன். முதலில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி. குமிழ் மரையில் இறுக்கமாக இருக்கிறதா? அப்புறம் கியர் ராடின் அடியை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) தூக்கிவிட்டு, அந்த ராடு ஷிஃப்டரின் அடித்தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பல ஷிஃப்டர்களில் அது போல்ட்டில்தான் நிற்கிறது. அந்த போல்ட் அரைச் சுற்று தளர்ந்தாலே மேலே குமிழ் பயங்கரமாக ஆடும். சில வண்டிகளில் ராடே இரண்டு துண்டு. அதிர்வு கைக்கு வராமல் இருக்க நடுவில் ரப்பர் வைத்திருப்பார்கள். அந்த ரப்பர் காய்ந்து விட்டுப்போனால் ராடு துவண்டுவிடும், கீழே எல்லாம் புதிதாக இருந்தாலும்.

அது சரியாக இருந்தால் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்துத்தான் சோதிக்கப் போகிறீர்கள், அதனால் வண்டியைப் பிடித்து நிறுத்த கியர் உதவாது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஆறிய பிறகு போங்கள்.

ஒருவர் உள்ளே உட்கார்ந்து ராடை மெதுவாக அசைக்கட்டும், கியர் விழாத அளவுக்கு மட்டும். நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். டாப்லோடரில் இடப்பக்கம் மூன்று லிவர்கள்: முதல்-இரண்டுக்கு ஒன்று, மூன்று-நாலுக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராடு. ஒவ்வொரு ராடுக்கும் இரண்டு முனை. ஆக ஆறு மூட்டுகள். எந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்தும் மறுபக்கம் நகராமல் நிற்கிறதோ, அங்கே தேய்மானம். கண்ணை விட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

அப்புறம் ஷிஃப்டரையே கையால் பிடித்து ஆட்டுங்கள். அது பெட்டியின் டெயில் ஹவுசிங்கில் (பின்பக்கக் கூட்டில்) போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த போல்ட்கள் தளர்ந்திருந்தால் ஷிஃப்டர் முழுவதுமே அசையும், ஆறு மூட்டும் சரியாக இருந்தாலும்.

கடைசியாக, ராடுகளைப் பெட்டியில் இருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் லிவர்களைக் கையால் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். நடுவில் நியூட்ரல், இரு பக்கமும் ஒவ்வொரு கியர். ஒவ்வொரு இடத்திலும் 'டக்' என்று தெளிவாக உட்கார வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்துங்கள், மற்றவை நியூட்ரலில் இருக்கட்டும். தெளிவாக உட்கார்ந்தால் பெட்டிக்குள் டிடென்ட் (லிவரை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்பு) நன்றாக இருக்கிறது, கோளாறு எல்லாம் வெளியேதான். லிவர் தண்டிலேயே மேலும் கீழும் ஆட்டம் இருந்தால், அல்லது அங்கே ஆயில் கசிந்திருந்தால், தண்டின் ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தண்டு நுழையும் துளையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பெட்டி நலமாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

நீலக்குதிரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. இந்த வரிசையில் நான் யோசிக்கவே இல்லை. வார இறுதியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முட்டுவது சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) கோளாறாக இருக்க வாய்ப்பு உண்டா?

பழைய_இரும்பு எழுதியது:

உண்டு, ஆனால் அதன் குணம் வேறு. சிங்க்ரோ தேய்ந்தால் கியர் பல்லோடு பல் உரசி 'கர்ர்' என்று கத்தும். நீங்கள் சொல்வது நடுவில் முட்டி நிற்பது. இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டி நின்றபடி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த வண்டியிலும் அதே இடத்தில் முட்டினால் அது லிங்கேஜ், அதாவது இணைப்பு ராடுகளும் மூட்டுகளும். அணைத்தால் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்சைப் பாருங்கள். முழுதாக விடாத கிளட்ச் பல நல்ல ஷிஃப்டர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளும் இல்லை, ஹைட்ராலிக்கும் இல்லை. இசட் பார் என்ற குறுக்குத் தண்டு வழியாகப் போகும் இரும்பு லிங்கேஜ். அதற்கும் புஷ்கள் உண்டு, அவையும் தேயும்.

லேத்_பட்டறை எழுதியது:

தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தும் மேலே ஏன் இவ்வளவு ஆடுகிறது என்று பலர் கேட்பார்கள். கணக்கு எளிது. குமிழில் இருந்து பிவட் வரை 12 அங்குலம், பிவட்டில் இருந்து ராடு மாட்டும் துளை வரை 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் ஆறுக்கு ஒன்று. ராடின் இரு முனையிலும் அரை அரை மி.மீ. தேய்ந்திருந்தால் கீழே 1 மி.மீ., மேலே குமிழில் 6 மி.மீ. அதோடு பிவட்டின் ஆட்டமும் சேரும். அதனால்தான் ஒரு நைலான் புஷ் மாற்றினால் வண்டியே மாறியது போல இருக்கும்.

ஆனால் புஷ்ஷை மாற்றும் முன் அது உட்காரும் துளையைப் பாருங்கள். நைலான் தேய்ந்து போன பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்திருந்தால், இரும்பு ராடு இரும்பு லிவரை நேராக அறுத்திருக்கும். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருக்கும். அந்தத் துளையில் புது புஷ் போட்டால் அன்றைக்கு நன்றாக இருக்கும், கொஞ்ச நாளில் பழையபடி ஆடும். ஏனென்றால் புஷ்ஷை நாலா பக்கமும் பிடிக்க அங்கே உலோகம் இல்லை.

இதற்கு இரண்டு வழி. துளையை வெல்டு வைத்து அடைத்து, பழைய மையத்திலேயே மறுபடி துளை போடுவது ஒன்று. மையம் தவறினால் லிவரின் நீளம் மாறிவிடும், அதனால் கழற்றும் முன்னமே பிவட்டில் இருந்து தேயாத விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, துளையைப் பெரிதாக்கி ரீமர் (துளையைத் துல்லியமாகக் கடையும் கருவி) விட்டு வட்டமாக்கி, அதற்கேற்ற தடித்த புஷ் கடைந்து போடுவது. லிவரில் சதை போதுமான அளவு இருந்தால் எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அதில் வெல்டு சூடு பட்டு லிவர் வளையும் பயம் இல்லை. ராடின் முனையும் பள்ளம் விழுந்து மெலிந்திருக்கும். அதையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். புதிய ராடு கிடைத்தால் வாங்கிவிடுவதே நல்லது.

ஓட்டம்தான்_முக்கியம் எழுதியது:

லேத் நண்பரே, நைலானுக்குப் பதில் ஸ்டீல் புஷ் போட்டால் என்ன? தேயவே தேயாதே.

லேத்_பட்டறை எழுதியது:

தேயும், வேறு இடத்தில் தேயும். ஸ்டீல் புஷ் போட்டால் கியர் விழுவது துல்லியமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. பந்தயத்துக்கு ஓடும் வண்டியில் அதுதான் சரி. ஆனால் பெட்டியின் அதிர்வு அப்படியே கைக்கு வரும். கிரீஸ் வறண்டால் லிவர் துளையும் ராடும் சேர்ந்து தேயும். நைலானின் வேலையே தான் தேய்ந்து மற்ற இரண்டையும் காப்பாற்றுவது. மாற்றவும் சுலபம். அதன் பலவீனம் சூடு. எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்தில் ஓடும் மூட்டில் நைலான் கடினமாகி வெடித்துவிடும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு நைலான் அல்லது டெல்ரின் (இன்னொரு கடின பிளாஸ்டிக்) போதும். சூடு அதிகம் படும் ஒரே ஒரு மூட்டுக்கு வெண்கல புஷ் கடைந்து போடுவது நல்ல நடுவழி.

வண்டுப்பிரியன் எழுதியது:

எங்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஆட்களும் இதே தொல்லையில்தான் இருக்கிறோம், அதனால் நானும் எழுதுகிறேன். எங்கள் அமைப்பு முற்றிலும் வேறு. பெட்டி பின்னால், கியர் ராடு முன்னால். இரண்டையும் சேர்ப்பது தரையின் நடுச் சுரங்கத்துக்குள் ஓடும் ஒரே நீளக் கம்பி. அதனால் ஆட்டம் வரும் இடங்களும் குறைவு: ராடின் அடியில் உருண்டை, சுரங்கத்துக்குள் கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ், பின் சீட்டுக்கு அடியில் கம்பியைப் பெட்டியோடு இணைக்கும் கப்ளிங்.

கப்ளிங்கைத்தான் முதலில் பாருங்கள். பின் சீட்டைத் தூக்கினால் சுரங்கத்தின் மேல் ஒரு சின்ன மூடி இருக்கும், ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றினால் கப்ளிங் தெரியும். ரப்பர் பிய்ந்து போயிருந்தால் வேறு எதையும் தொட வேண்டாம், அதை மாற்றுங்கள். கப்ளிங்கின் சதுரத் தலை ஸ்க்ரூவை மெல்லிய கம்பி சுற்றிக் கட்டியிருப்பார்கள். மறுபடி மாட்டும்போது அந்த மெல்லிய கம்பியைக் கட்டாமல் விடக் கூடாது. ஸ்க்ரூ கழன்றால் வண்டி எந்தக் கியரில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடும்.

கியர் ராடைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் அடியில் ஒரு தட்டு இருக்கும். தவறி ரிவர்ஸுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். இரண்டு போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் ராடின் அடிப்பகுதியும் தட்டும் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். தட்டைத் திருப்பிப் போட்டாலோ, கொஞ்சம் நகர்த்திப் போட்டாலோ இரண்டாவது கியரோ ரிவர்ஸோ கிடைக்காமல் போகும். புது புஷ் போட்டும் கியர் விழவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் தட்டைப் பற்றித்தான்.

இசட்_ரசிகர் எழுதியது:

புதியவன், மன்னிக்கவும், இழையில் குறுக்கிடுகிறேன். என்னிடம் இருப்பது டாட்சன் 240இசட். நியூட்ரலில் ராடு இடமும் வலமும் ஆடுகிறது. நான் அடியில் பார்த்தேன், நீங்கள் சொல்லும் மூன்று ராடுகள் எதுவும் இல்லையே?

எம்ஜிபி_குடும்பம் எழுதியது:

இருக்காது. உங்கள் பெட்டியில் கியர் ராடு நேராகப் பெட்டியின் பின்பகுதிக்குள் இறங்குகிறது. தேர்வு செய்யும் தண்டுகள் எல்லாம் உள்ளே. வெளியே லிங்கேஜ் இல்லாததால் சரிசெய்ய வேண்டிய நீளமும் இல்லை. ராடு ஒரு பின்னில் ஊசலாடுகிறது, அந்தப் பின்னைச் சுற்றி நைலான் புஷ்கள். பூட்டைத் தூக்கி, கிளிப்பை எடுத்து, பின்னை உருவினால் ராடு மேலே வந்துவிடும். புஷ்கள் நொறுங்கித் தூளாகி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். துண்டுகள் ஒன்றும் உள்ளே விழாமல் பார்த்து எடுங்கள். பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

என் எம்ஜிபியிலும் இதே மாதிரிதான், வண்டிக்குள் இருந்தே வேலை முடியும். ராடின் கீழ் உருண்டையில் ஒரு நைலான் புஷ், பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன பிளஞ்சர். பிளஞ்சரின் வேலை ராடை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்து அதிர்வு இல்லாமல் வைப்பது. புஷ் நன்றாக இருந்து சத்தம் மட்டும் வந்தால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய டொயோட்டா பெட்டிகளிலும் ராடின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். அது உடைந்தால் கியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் முழு ஷிஃப்டர் வாங்கும் பேச்சையே எடுக்க வேண்டாம். கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் துண்டோடு முடிகிற காரியம்.

இசட்_ரசிகர் எழுதியது:

மிக்க நன்றி சார். துணியால் மூடச் சொன்னது நல்ல வேளை.

நீலக்குதிரை எழுதியது:

பார்த்துவிட்டேன். பழைய இரும்பு அண்ணா சொன்ன வரிசையிலேயே போனேன்.

குமிழும் ராடு போல்ட்களும் இறுக்கமாகத்தான் இருந்தன. இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டாலும் இரண்டு-மூன்று நடுவில் அதே முட்டல். கிளட்ச் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கீழே மூன்று-நாலு ராடின் ஷிஃப்டர் பக்கத்து முனையில் நைலான் சுவடே இல்லை. ராடு நேரடியாக இரும்பில் உரசுகிறது, துளை நீண்டிருக்கிறது. முதல்-இரண்டு ராடில் புஷ் இருக்கிறது, ஆனால் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. ரிவர்ஸ் பக்கம் பரவாயில்லை. ஷிஃப்டரை டெயில் ஹவுசிங்கில் பிடிக்கும் போல்ட்களில் ஒன்று கையாலேயே திரும்பியது.

ராடுகளைக் கழற்றிவிட்டுப் பெட்டி லிவர்களை நகர்த்தினேன். எல்லா இடத்திலும் 'டக்' என்று தெளிவாக உட்காருகிறது. பெட்டி நலம். ஷிஃப்டரைத் தனியாக மேசையில் வைத்துப் பார்த்தால் முன்பின் ஆட்டம் கொஞ்சம், பக்கவாட்டில் அதைவிட அதிகம்.

இப்போது கேள்வி பழைய இடத்துக்கே வருகிறது. ஷிஃப்டரைப் பிரித்துச் சரிசெய்வதா, மாற்றுவதா?

நாலாவது_கியர் எழுதியது:

இனிமேலும் சந்தேகமா? துளை நீண்டுவிட்டது, பிவட் ஆடுகிறது. மாற்றிவிடுங்கள்.

மூலவடிவம் எழுதியது:

நான் இதற்கு எதிர்த் தரப்பு. அந்த ஷிஃப்டர் அந்த வண்டிக்காகவே செய்யப்பட்டது. கன்சோல், பூட், ராடின் வளைவு, உட்கார்ந்தால் கை போய் நிற்கும் இடம், எல்லாம் அதோடு பொருந்தி இருக்கின்றன. வேறு ஷிஃப்டர் போட்டால் சில வண்டிகளில் தரைத் தகரத்தின் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும். ஒருமுறை வெட்டிய தகரத்தைப் பழையபடி ஆக்குவது பெரிய வேலை. இந்த வண்டிகளில் தொழிற்சாலை ஷிஃப்டர் இன்னும் மிஞ்சியிருப்பது அருமை. பின்னாட்களில் வண்டியை வாங்குகிறவர் அதைத்தான் தேடுவார்.

நாலாவது_கியர் எழுதியது:

தகரம் வெட்டாமலும் மாட்டலாம், சரியான கிட் எடுத்தால்.

பழைய_இரும்பு எழுதியது:

இருவருக்கும் நியாயம் இருக்கிறது. நான் பார்க்கும் கோணம் இது: ஷிஃப்டரின் உடல், அதாவது பிவட் பின்னும் அது நுழையும் துளையும், தேய்ந்துவிட்டதா இல்லையா? பின் மட்டும் தேய்ந்திருந்தால் புதிய பின் கடைந்து போடலாம், ஷிஃப்டர் பிழைத்தது. உடலே நீண்டிருந்தால் லேத் பட்டறை சொன்ன முறையில் ரீமர் விட்டு புஷ் போட வேண்டும். அதற்குக் கைத்திறன் உள்ள ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் மாற்றுவதே நேர்மையான வழி. அரைகுறையாக வெல்டு வைத்த ஷிஃப்டர் புதுக் கோளாறைத்தான் கொண்டுவரும். மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள், எண்ணெய் தடவி, சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். மூலவடிவம் சொன்ன கவலைக்கு அது பாதிப் பதில்.

மாற்றுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். டாப்லோடரின் டெயில் ஹவுசிங் எல்லா ஃபோர்டு வண்டியிலும் ஒன்று அல்ல, ஷிஃப்டர் உட்காரும் இடம் மாறும். அதனால் 'டாப்லோடருக்கு' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்; வண்டி, ஆண்டு, பெட்டி மூன்றையும் சொல்லி, அதற்குரிய மவுண்டிங் தட்டு, ராடுகள், பெட்டி லிவர்கள் எல்லாம் ஒரே கிட்டாக எடுங்கள். பழைய ராடைப் புது ஷிஃப்டரில் வளைத்து மாட்டுவது வேண்டாம். வளைந்த ராடு அழுத்தத்தில் இன்னும் வளையும், கியர் முழுதாக விழாது.

ஹர்ஸ்ட்டில் நிறுத்த போல்ட்கள் உண்டு. பலர் அவற்றை வாங்கிய அட்டைப்பெட்டியில் இருந்து எடுத்தபடியே, சரிசெய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அவை இருப்பது அழகுக்கு இல்லை. கியர் முழுதாக விழுந்த பிறகும் ஓட்டுநர் ராடைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அந்த விசை நேராகப் பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கில் போய் விழும். போல்ட்டை முதலில் நன்றாக வெளியே எடுத்துவிட்டு, கியரைப் போட்டு, கியர் ராடை அந்தப் பக்கமாகவே அழுத்திப் பிடித்தபடி போல்ட் தொடும் வரை உள்ளே திருகுங்கள். கையை விட்டுவிட்டு ஒரு சுற்று வெளியே எடுத்து லாக் நட்டை இறுக்குங்கள். மற்றப் பக்கத்துக்கும் அதே மாதிரி. ஒரு சுற்று வெளியே எடுக்காமல் விட்டால் கியர் முழுதாக விழாமல் பாதியில் நிற்கும். பிறகு அது தானாகக் கழன்று வெளியே வரும்போது பெட்டியைக் குறை சொல்வோம்.

நீலக்குதிரை எழுதியது:

அண்ணா, நியூட்ரல் சரிசெய்வது பற்றியும் எழுதுங்களேன். எதை வைத்தாலும் அது வேண்டுமே.

பழைய_இரும்பு எழுதியது:

அதுதான் இந்த வேலையின் உயிர். உங்கள் இரண்டு-மூன்று முட்டலுக்குக் காரணமும் பெரும்பாலும் அதுதான்.

ஷிஃப்டருக்குள் மூன்று தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றிலும் நியூட்ரல் பள்ளம் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கியர் ராடு ஒன்றில் இருந்து பக்கத்துத் தகட்டுக்குத் தடையில்லாமல் நகரும். இரண்டில் இருந்து மூன்றுக்குப் போகும்போது நீங்கள் செய்வது அதுதான்: முதல்-இரண்டு தகட்டை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மூன்று-நாலு தகட்டுக்கு மாறுகிறீர்கள். ஒரு தகடு அரை மி.மீ. விலகி நின்றாலும் அதன் விளிம்பில் முட்டும். புஷ் தேய்ந்த வண்டியில் அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கும், அதனால்தான் சில நேரம் விழுகிறது, சில நேரம் விழவில்லை.

பெட்டியின் மூன்று லிவர்களையும் நியூட்ரலில் வையுங்கள். ஷிஃப்டரையும் நியூட்ரலில் வைத்து, அதன் பக்கத்தில் இருக்கும் துளை வழியாக 1/4 அங்குலப் பின்னை உள்ளே விடுங்கள். தனிக் கருவி இல்லாவிட்டால் 1/4 அங்குல டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதி போதும். அந்தப் பின் மூன்று தகடுகளையும் கோத்துக்கொண்டு போகும். இப்போது ஷிஃப்டர் பூட்டிய மாதிரி. கம்பெனி ஷிஃப்டர் என்றால் மூன்று ராடின் சரிசெய்யும் நட்டையும் தளர்த்திவிட்டு, ராடு தன்னியல்பாக எங்கே நிற்கிறதோ அங்கேயே இறுக்குங்கள். ஹர்ஸ்ட் என்றால் ராடின் மரை முனையைத் திருகி, அது துளைக்குள் தானாக விழும் நீளம் வரும் வரை சரிசெய்யுங்கள். இழுத்தோ தள்ளியோ மாட்டவே கூடாது.

இறுக்கும்போது நட் சுற்றுகிற திசையில் ராடும் சேர்ந்து நகரப் பார்க்கும். இன்னொரு ஸ்பேனரால் ராடைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் இறுக்கிய பிறகு பின்னை உருவுங்கள். விரலால் இழுத்தால் வர வேண்டும், விரலால் தள்ளினால் போக வேண்டும். இடுக்கி தேவைப்பட்டால் எங்கோ ஒரு ராடு அழுத்தத்தில் இருக்கிறது, மறுபடி தளர்த்துங்கள். பின்னை எடுக்க மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் கியர் ராடு அசையாது. அதைக் கண்டு பயந்து பலமாகத் தள்ளாதீர்கள்.

இதையெல்லாம் செய்யும் முன் பழைய ராடுகளைக் கழற்றும்போதே எது எந்தப் பக்கம், வளைவு உள்ளே பார்த்ததா வெளியே பார்த்ததா என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துவிட்டால் மூன்றும் ஒன்று போலத் தெரியும்.

வண்டுப்பிரியன் எழுதியது:

மிக அருமையான விளக்கம் சார். எங்கள் ஆட்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு: கப்ளிங்கைத் தளர்த்தினால் நீளமும் கோணமும் மாறிவிடும், அதனால் முதலில் குறித்து வைத்துத்தான் தளர்த்த வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுண்டிங். எங்கள் வண்டியில் ராடு உடலில் நிற்கிறது, பெட்டி தனி ரப்பரில் நிற்கிறது. அந்த ரப்பர் பிய்ந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்டி நகரும், ராடு நகராது, கியர் கழன்றுவிடும். புஷ்களை எல்லாம் மாற்றியும் தீரவில்லை என்கிறவர்கள் அதைப் பாருங்கள்.

பழைய_இரும்பு எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். மஸ்டாங்கில் ஷிஃப்டர் பெட்டி மேலேயே இருப்பதால் கியர் கழலாது, ஆனால் கியர் ராடு பெட்டியோடு சேர்ந்து ஆடித் தரைத் துளையின் ஓரத்தில் இடிக்கும். நின்ற வண்டியில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டினால் குமிழ் ஒரு பக்கமாகத் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் இன்ஜின் மவுண்டிங்கையும் பெட்டி மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும்.

மூலவடிவம் எழுதியது:

நீலக்குதிரை, கடைசியில் என்ன முடிவு செய்தீர்கள்?

நீலக்குதிரை எழுதியது:

பழைய ஷிஃப்டரையே வைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்ததில் உடல் துளை வட்டமாகவே இருந்தது, பின்தான் தேய்ந்திருந்தது. லேத்தில் புதுப் பின் கடைந்து வாங்கினேன். நீண்டுபோன லிவர் துளையை ரீமர் விட்டு வெண்கல புஷ் போட்டாயிற்று, மற்ற மூட்டுகளுக்குப் புது நைலான், மூன்று-நாலுக்குப் புது ராடு. ஷிஃப்டர் போல்ட்களைச் சுத்தம் செய்து, மரைப் பசை இட்டு இறுக்கினேன். நியூட்ரல் பின் விரலுக்கே வழுக்கிக்கொண்டு போய் வருகிறது. இரண்டு-மூன்று இப்போது யோசிக்காமல் விழுகிறது. நியூட்ரலில் ராடு நேராக நிற்கிறது.

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் மிச்சம். மூன்றாவது கியரில் வந்த சத்தம் பெரிதும் குறைந்துவிட்டது, ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மெல்லியதாக இன்னும் கேட்கிறது. புஷ்ஷுக்கு கிரீஸ் போதவில்லையா?

லேத்_பட்டறை எழுதியது:

வாழ்த்துகள். நைலானுக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் போதும், வெண்கலத்துக்கு சாதாரண லித்தியம் கிரீஸ். மூட்டைச் சுற்றி அப்பி வைக்க வேண்டாம், தூசி சேர்ந்து அரம் போல அறுக்கும்.

பழைய_இரும்பு எழுதியது:

சத்தத்துக்கு கிரீஸ் காரணமாக இருக்காது தம்பி. ராடு முனைகளில் இருக்கும் கிளிப்களைப் பாருங்கள். கிளிப் ராடை லிவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பழைய கிளிப் விரிந்து போயிருந்தால் ராடு பக்கவாட்டில் அதிரும். அது புஷ்ஷைத் தேய்க்காது, சத்தம் மட்டும் போடும். கிளிப்பும் லிவரும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் அலை வாஷர் ஒன்று போடுங்கள். அங்கே இல்லை என்றால் ராடு எக்ஸாஸ்ட் குழாயையோ தரைத் தகரத்தையோ தொடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது கியரில் மூன்று-நாலு ராடு நியூட்ரலில் நின்ற இடத்தை விட்டு நகர்ந்துவிடும், அதனால் நியூட்ரலில் பார்த்தால் தெரியாது. கியரை மூன்றில் போட்டு, இன்ஜினை அணைத்து வைத்துக் கீழே போய்ப் பாருங்கள். தொடும் இடத்தில் பளபளவென்று உரசிய தடம் இருக்கும்.

நீலக்குதிரை எழுதியது:

கிளிப்தான் அண்ணா. மூன்று-நாலு ராடில் பழைய கிளிப்பையே திரும்பப் போட்டிருந்தேன், அது விரிந்திருக்கிறது. புதியது வாங்கி மாட்டிவிட்டேன், அந்த வேகத்திலும் சத்தம் இல்லை.